முட்டிடிச்சான் பாறைத் தண்ணீர்

என் மனைவி ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம். காப்பி, கஞ்சி, ரசம், மாத்திரையோடு விழுங்குகிற ஒரு வாய்த் தண்ணீர் எல்லாமே அந்த முக்கால் லிட்டரில் சேர்த்தி. காலையில் ஒரு போத்தலில் அளந்து ஊற்றி வைத்துவிடுவேன். காப்பி கலந்து கொடுத்தால் அதே அளவைப் போத்தலிலிருந்து கொட்டிவிட வேண்டும். கிள்ளான் வெயிலில் மத்தியானம் இரண்டு மணிக்கே போத்தல் காலியாகிவிடும் நாள்களும் உண்டு. அப்புறம் இரவு வரைக்கும் ஓர் ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இரண்டு சிறுநீரகங்களும் நின்றுபோய் ஆறு வருஷம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி. விடியற்காலை ஐந்தரைக்குக் காரை எடுப்பேன். நான்கு மணி நேரம் அவள் இயந்திரத்தோடு இருப்பாள். நான் வெளியே நாற்காலியில் பேப்பர் படிப்பேன். இந்த ஞாயிறு மலரைக்கூட சில வாரம் செவ்வாய்க்கிழமைதான் படித்து முடித்திருக்கிறேன்.

இந்த ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, வீடு திரும்பும் வழியில், கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்: “போதும்னு தோணுதுங்க.” எதை என்று நான் கேட்கவில்லை. வானொலிச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து இன்னொன்று சொன்னாள். “வடக்கன்குளத்துக்கு ஒரு தடவ போய்ட்டு வாங்க. நான் போக முடியாது. எனக்காகப் போய்ட்டு வாங்க. அப்படியே தேவசகாயம் மலைக்கும்.”

வடக்கன்குளம் அவளுடைய தாத்தா ஊர். அங்கிருந்து கப்பலேறி வந்து கோலசிலாங்கூர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் காலம் தள்ளியவர். தேவசகாயத்தின் கதையை அவர் தோட்டத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வாராம். எருமையில் பின்பக்கமாக உட்கார வைத்து ஊர் ஊராக இழுத்துப் போனார்கள் என்ற இடம் வரும்போது அவர் குரல் உடைந்துவிடும் என்று இவள் நூறு தடவையாவது சொல்லியிருக்கிறாள்.

மகள் இரண்டு நாள் விடுப்பு எடுத்தாள். வியாழன் சிகிச்சை முடிந்ததும் புறப்பட்டு, புதன் வந்து சேர்வதாகக் கணக்கு. சனியும் செவ்வாயும் மகள் பார்த்துக்கொள்வாள். கோலாலம்பூரிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நேரடி விமானம் இருக்கிறது, ஏறக்குறைய நான்கு மணி நேரம். அங்கிருந்து நாகர்கோவில் அறுபது எழுபது கிலோமீட்டர்தான் என்றாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை என்று ஊர் முடிகிற இடமே தெரியாமல் கடைகள் தொடர்ந்து வருகின்றன. ஜூன் மாதம். மழை விட்டு விட்டுப் பெய்தது.

வாடகைக் கார் ஓட்டியவன் நாகர்கோவில்காரத் தம்பி, முப்பது வயதுக்குள் இருக்கும். எங்கே போகணும் சார் என்றான். சொன்னேன். “அப்ப வரிசையா ஒரே ரோடுதான். நம்ம புனிதர் பொறந்ததும் வேல பாத்ததும் கட்டிப்போட்டதும் சுட்டதும் எல்லாம் இந்த ரோட்டுலதான் பாத்துக்கிடுங்க” என்றான். ‘நம்ம புனிதர்’ என்றவனின் காருக்குள் முருகன் படம் தொங்கியது.

அவன் சொன்னது சரி. மார்த்தாண்டம் பக்கத்து நட்டாலத்தில் 1712-இல் பிறந்தவர் நீலகண்டன். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் அதிகாரி. தலைநகரம் அப்போது பத்மநாபபுரம். அந்த அரண்மனை இன்றும் நிற்கிறது, மரத்தாலான பெரிய வீடு. தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரள அரசுதான் பராமரிக்கிறது. 1956-இல் குமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது அரண்மனை மட்டும் அவர்கள் பக்கம் தங்கிவிட்டது. திங்கள்கிழமை மூடியிருக்கும், போகிறவர்கள் கவனிக்கவும்.

அரண்மனையிலிருந்து சற்றுத் தூரத்தில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. டிக்கெட் வாங்கி உள்ளே போனால் மரங்கள், மான்கள், பள்ளிக்கூடச் சுற்றுலாப் பிள்ளைகள். உள்ளே தள்ளி, சிதைந்த ஒரு சிற்றாலயத்தில் டிலனாய் கல்லறை இருக்கிறது. 1741 குளச்சல் போரில் டச்சுக்காரர்களோடு வந்து பிடிபட்டவர். மார்த்தாண்ட வர்மா அவரைக் கொல்லாமல் தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார். கைதியாக வந்தவர் தளபதியாகி, 1777-இல் இங்கேயே இறந்தார். கல்லறைக் கல்லில் இலத்தீனும் தமிழும் செதுக்கியிருக்கிறது. நான் தமிழ் எழுத்துகளைத் தடவிப் பார்த்தேன்.

இந்த டிலனாயும் நீலகண்டனும் நண்பர்களானார்கள். நீலகண்டனுக்கு அப்போது கெட்ட காலம். மாடுகள் செத்தன, பயிர் போயிற்று, வீட்டில் கஷ்டம். டிலனாய் அவரிடம் விவிலியத்திலுள்ள யோபுவின் கதையைச் சொன்னார். ஆடு, மாடு, பிள்ளைகள், உடம்பு என்று ஒவ்வொன்றாகப் பறிபோன பிறகும் கடவுளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த மனிதன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். யோபு பொறுமைசாலி என்று பிரசங்கங்களில் கேட்டுக் கேட்டு, நான் அவரைக் கன்னத்தில் கைவைத்துச் சும்மா உட்கார்ந்திருந்த ஆள் என்றே நினைத்திருந்தேன். மனைவியோடு ஆஸ்பத்திரியில் இருந்த நாள்களில்தான் அந்தப் புத்தகத்தை முழுசாகப் படித்தேன். அந்த மனிதர் பக்கம் பக்கமாகச் சண்டை போடுகிறார். பிறந்த நாளைச் சபிக்கிறார். ஆறுதல் சொல்ல வந்த நண்பர்களை விரட்டாத குறை. ஆனால் எழுந்து போய்விடவில்லை. திட்டினாலும் கடவுளைப் பார்த்துத்தான் திட்டுகிறார். நீலகண்டனுக்குப் பிடித்துப்போனது இந்த யோபுவாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

கோட்டையை விட்டு வெளியே வந்ததும், “சார், முட்டிடிச்சான் பாறை பாக்க வேண்டாமா?” என்றான் தம்பி. எனக்கு அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. மனைவியும் சொல்லியிருக்கவில்லை.

பாறையில் ஒரு சின்னக் குழி, அதில் தண்ணீர். அவ்வளவுதான். கைதியாக இழுத்து வரப்பட்ட தேவசகாயத்துக்குத் தாகம் தாங்க முடியாமல் போனபோது குடிக்க நல்ல தண்ணீர் கொடுக்கவில்லை என்றும், அவர் செபித்துவிட்டு முழங்கை முட்டால் பாறையை இடிக்க, தண்ணீர் சுரந்தது என்றும் சொல்கிறார்கள். அதனால் முட்டிடிச்சான் பாறை. வருகிறவர்கள் போத்தலில் எடுத்துப் போகிறார்கள். எனக்கு முன்னால் ஓர் அம்மா, குழந்தையின் தலையில் கொஞ்சம் தெளித்துவிட்டு மீதியை அதற்குக் குடிக்கக் கொடுத்தாள். குழந்தை மடக்மடக்கென்று குடித்தது. இன்னும் வேண்டும் என்றது. இன்னும் கொடுத்தாள்.

அதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்குக் கால் நடுங்கியது. அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். ஆறு வருஷமாக ஒரு நாளும் அழுததில்லை. யாருமே இல்லாத இடம் என்றால் பரவாயில்லை, ஊரே நின்று பார்க்கிற இடத்தில் அழுதேன். தம்பி வந்து ஒன்றும் கேட்காமல் தள்ளி நின்றுகொண்டான். பிறகு அவனே ஒரு காலிப் போத்தலைக் கழுவி, தண்ணீர் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தான்.

மறுநாள் ஞாயிறு பூசைக்குக் கோட்டாறு சவேரியார் பேராலயம். தேவசகாயத்தின் எலும்புகளைக் கொண்டுவந்து அடக்கம் செய்த இடம் அதுதான். பூசை முடிந்தும் கூட்டம் கலையவில்லை. கல்லறை முன்னால் மண்டியிட்டவர்கள் எழுந்திருக்க நேரமானது. நானும் வரிசையில் நின்றேன், முறை வந்ததும் என்ன கேட்பது என்று தெரியாமல் சிலுவை போட்டுவிட்டு வந்துவிட்டேன். வெளியே நேந்திரங்காய் சிப்ஸ் வாசனை. மனைவிக்கு வாழைக்காய் ஆகாது, உப்பும் ஆகாது. ஒன்றும் வாங்கவில்லை.

திங்கள் காலை நெல்லை ரோட்டில் ஆரல்வாய்மொழியைத் தாண்டி முதலில் வடக்கன்குளம் போனோம். குமரி மாவட்டம் முடிந்து திருநெல்வேலி மாவட்டம் தொடங்கிவிடுகிறது. செம்மண், பனை, காற்று. நீலகண்டன் திருவிதாங்கூர் எல்லையைத் தாண்டி இங்கே வந்துதான் இயேசு சபைக் குருவிடம் திருமுழுக்குப் பெற்றார், 1745 மே 14-ஆம் தேதி. லாசர் என்ற பெயரின் பொருள் ‘கடவுளே துணை’. அதையே தமிழில் தேவசகாயம் என்று வைத்தார்கள். அவருக்கு அப்போது வயது 33. அரண்மனை உத்தியோகம், சொந்தபந்தம், மரியாதை எல்லாம் போகக்கூடும் என்று தெரிந்தே வந்தவர்.

என்னுடைய ஞானஸ்நானக் கதையை இங்கே சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. நான் பிறப்பால் இந்து. 1989-இல் இவளைக் கட்டிக்கொள்வதற்காக வேதம் மாறினேன். ஒன்பது மாதம் வெள்ளிக்கிழமை இரவுகளில் உபதேச வகுப்பு. துறைமுகக் கிடங்கில் வேலை முடித்துவிட்டுப் போய், பின்வரிசையில் தூங்குவேன். கடைசியில் பங்குத்தந்தை தனியாகக் கூப்பிட்டு, “ஏன் வர்றீங்க?” என்று கேட்டார். “எனக்குப் பிடிச்சிருக்கு ஃபாதர்” என்றேன். எனக்குப் பிடித்திருந்தது பாடகர் குழுவில் இரண்டாவது வரிசையில் நின்ற பெண்ணை. அவருக்கும் அது தெரிந்திருக்கும். “சரி, இப்போதைக்கு அது போதும். மிச்சத்தப் போகப் போகக் கத்துக்குவீங்க” என்று சொல்லி அனுப்பினார்.

மிச்சத்தைக் கற்றுக்கொண்டேனா என்றுதான் வடக்கன்குளத்துக் கோயில் வாசலில் நின்று யோசித்தேன். மனைவிக்கு உடம்பு சரியில்லாமல் போகும் வரைக்கும் என் செபம் என்பது சாப்பாட்டு மேசையில் ஒரு சிலுவை அடையாளம், கிறிஸ்மஸுக்குப் புதுச் சட்டை. நோய் வந்த பிறகு ஒரேயடியாகச் செபிக்க உட்கார்ந்தேன். பயிற்சியே இல்லாதவன் திடீரென்று ஓடப் போனால் என்ன ஆகும்? மூன்று மாதத்தில் மூச்சு வாங்கிவிட்டது. கேட்டது கிடைக்கவில்லை என்று கோபம் வேறு. அவளோ சின்ன வயதிலிருந்து இரவு படுக்கும் முன் செபமாலை சொல்லாமல் தூங்கியதில்லை. காய்ச்சல் என்றாலும் உண்டு, பிள்ளை பெற்ற மறுநாளும் உண்டு. அதில் அப்படி என்ன இருக்கிறது என்று நான் கேலி செய்ததுண்டு. இயந்திரத்தோடு கிடக்கும் நான்கு மணி நேரத்தை அவள் எதை வைத்துக் கடத்துகிறாள் என்று இப்போது தெரிகிறது.

இந்த ஊர் பற்றி இன்னொரு விஷயம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே கட்டிய கோயிலில் சாதிக்கு ஒரு பக்கமாக இரண்டு பிரிவுகள், நடுவில் தடுப்பு. மேலே இருந்து பார்த்தால் கால்சட்டை போல இருக்கும் என்பதால் ‘கால்சட்டைக் கோயில்’ என்றே பெயர். பிறகு அந்தத் தடுப்பை இடித்துவிட்டார்கள். தேவசகாயத்தின் மேல் மேல்சாதியாருக்கு இருந்த பெரிய கோபமே அவர் எல்லாச் சாதியாரோடும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார் என்பதுதான். அவர் திருமுழுக்குப் பெற்ற ஊரிலேயே நூறு ஆண்டுக்குப் பிறகு சுவர்! புனிதர் பட்டம் கொடுக்கும் முன்பு வத்திகான் அவர் பெயரிலிருந்து ‘பிள்ளை’யை எடுத்ததை இங்கே சிலர் விரும்பவில்லை என்று கேள்விப்பட்டேன். எடுத்ததுதான் நியாயம் என்பேன். மனைவியின் தாத்தா எருமைக் கதையைச் சொன்னாரே தவிர, கால்சட்டைக் கோயில் கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னதே இல்லை.

வடக்கன்குளத்திலிருந்து வந்த வழியே திரும்பி, ஆரல்வாய்மொழி காற்றாடிமலை. அந்தப் பெயர் வைத்தவரைப் பாராட்ட வேண்டும். கார்க் கதவைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு காற்று. இரண்டு மலைகளுக்கு நடுவிலுள்ள கணவாய் அது. முப்பந்தல் வரைக்கும் நூற்றுக்கணக்கில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன.

1749 பிப்ரவரியில் தேவசகாயத்தைக் கைது செய்தார்கள். 1752 ஜனவரி 14 அன்று இந்த மலையில் சுட்டுக் கொன்றார்கள். மதம் மாறியதற்காகத் தண்டிக்கப்படவில்லை, வேறு குற்றச்சாட்டு என்று சொல்லும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. நான் வரலாறு படித்தவன் இல்லை. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

பக்தர்கள் எல்லாரும் அந்தக் கடைசி நாளைத்தான் பேசுகிறார்கள். துப்பாக்கி, பாறை, இரத்தம். எனக்கு ஓடியதெல்லாம் நடுவிலிருந்த கணக்கு. திருமுழுக்குக்கும் கைதுக்கும் இடையே ஏறத்தாழ நான்கு வருஷம். அந்த நான்கு வருஷத்தில் அவர் உத்தியோகம் பார்த்தார், பூசை கண்டார், யாரோடு சாப்பிடக் கூடாதோ அவர்களோடு சாப்பிட்டார். படம் வரைந்து மாட்ட அதில் ஒன்றுமில்லை. பிறகு மூன்று வருஷம் விலங்கு. எருக்கம்பூ மாலை, எருமைச் சவாரி, சாட்டையடி, காயத்தில் மிளகாய்ப்பொடி. பெருவிளையில் வேப்ப மரத்தில் கட்டிப்போட்டு, வெயிலிலும் மழையிலும் பல மாதம். ஒவ்வொரு நாளும் ஒரு வார்த்தை சொன்னால் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆயிரம் நாளுக்கு மேல், ஆயிரம் தடவை அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கிறார். சுட்ட நாளன்று புதிதாக அவர் எதையும் முடிவு செய்ய வேண்டியிருந்திருக்காது.

அவர் மண்டியிட்டுச் செபித்த இடம் என்று பாறையில் முழந்தாளும் முழங்கையும் பதிந்த தடத்தைக் காட்டுகிறார்கள். எனக்கு மூட்டுவலி. ஒரு கையை ஊன்றி எப்படியோ மண்டியிட்டேன். கிள்ளானில் புறப்படும்போது, ‘அவளுக்கு ஒரு சிறுநீரகம் கிடைக்கணும்’ என்று கேட்கத்தான் வந்தேன். அது வாயில் வரவில்லை. மறுநாள் செவ்வாய்க்கிழமை என்பது ஞாபகம் வந்தது. நாளைக்கு அவள் எழுந்து போக வேண்டும், நாளை ஒரு நாளைக்கு அவளுக்குத் தெம்பு கொடு என்று கேட்டேன். எனக்கும்தான்.

பக்கத்தில் மணியடிச்சான் பாறை. சின்னக் கல்லால் தட்டினால் மணி மாதிரி ஒலிக்கிறது. பையன்கள் ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தார்கள். தம்பியும் போய் இரண்டு தட்டு தட்டிவிட்டு வந்தான். “எங்க அம்மை மாசத்துக்கு ஒருக்க இங்க வருவா சார். நாங்க கோயிலுக்குப் போற ஆளுங்கதான். அப்பா கெடையில கெடந்தப்ப வர ஆரம்பிச்சா. அப்பா போயி மூணு வருஷமாச்சி. இப்பவும் வருவா.”

“அப்பாதான் போயிட்டாரே, இன்னும் எதுக்கு வர்றாங்க?” என்று கேட்டேன்.

“கேட்டா, பழகிப்போச்சிடே மக்ளேன்னு சொல்லுவா” என்றான்.

புதன்கிழமை வீடு வந்தபோது மகள் கதவைத் திறந்தாள். “செவ்வாய் எப்படி?” என்றேன். “போனோம்ப்பா, வந்தோம். வாந்தி கொஞ்சம். ஆனா போனாங்க” என்றாள்.

மனைவி சாய்வு நாற்காலியில் இருந்தாள். வடக்கன்குளம் எப்படி இருக்கிறது, தாத்தா சொன்ன பனைகள் இருக்கின்றனவா, கோயில் பெரிசா என்று அடுக்கினாள். சொன்னேன். கால்சட்டைக் கோயிலையும் சொன்னேன், முகம் சுளித்தாள். முட்டிடிச்சான் பாறையில் அழுததை மட்டும் சொல்லவில்லை. பையிலிருந்து போத்தலை எடுத்துக் கொடுத்தேன். என்ன என்றாள், விஷயத்தைச் சொன்னேன். போத்தலைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“கொதிக்க வச்சிக் குடுங்க. டாக்டர் திட்டுவாரு.”

கொதிக்க வைத்து ஆற்றி, சின்னக் கிண்ணத்தில் கொண்டுவந்தேன். சிலுவை போட்டுக்கொண்டு ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடி, விழுங்காமல் வெகு நேரம் வாயிலேயே வைத்திருந்தாள். பிறகு கிண்ணத்தை நீட்டினாள்.

“இதையும் கணக்குல சேத்துக்கோங்க” என்றாள்.

மேசை மேலிருந்த அன்றைய போத்தலை எடுத்துப்போய், ஒரு வாய்த் தண்ணீரைத் தொட்டியில் கொட்டினேன். மறுநாள் வியாழன். அலாரத்தை நாலே முக்காலுக்கு வைத்துவிட்டுப் படுத்தோம். அவள் செபமாலை சொல்ல ஆரம்பித்தாள். இரண்டாவது பத்து மணி வரைக்கும் நானும் விழித்திருந்தேன்.